35,000 ரூபாய்க்குள் அடங்காத வீடு

மணமுறிவு வழக்கில் மின் கட்டண ரசீதுக்கு என்ன வேலை?

திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். கணவர் தரப்பில் பிரமாணப் பத்திரம் தாக்கலாகிறது: ‘தொழில் நொடித்துவிட்டது, ஆர்டர் இல்லை, இப்போது என் மாத வருமானம் 35,000 ரூபாய்.’ ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கும் கூடவே வருகிறது. போன வருடத்தைவிட விற்றுவரவு பாதி. எல்லாம் கூட்டிக் கழித்துச் சரியாக இருக்கிறது.

மனைவியின் வழக்கறிஞர் அந்தக் கணக்கை இன்னொருவரிடம் கொடுக்கிறார். அவர் பேரேட்டைக்கூடத் திறக்கவில்லை. யூனிட்டின் மின் கட்டணப் பட்டியலைத்தான் முதலில் கேட்கிறார். இரண்டு வருடத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓடிய யூனிட் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு கிலோ துணி பின்னுவதற்கு எந்திரம் இழுக்கும் மின்சாரம் வருடத்துக்கு வருடம் பாதியாகக் குறையாது. அப்படியானால் எந்திரம் பழையபடியே ஓடியிருக்கிறது. பில் மட்டும் பாதியாகியிருக்கிறது. மீதித் துணிக்கான கூலி பில் இல்லாமல் ரொக்கமாக வந்ததா, தம்பி பெயரில் புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கில் ஏறியதா என்பதுதான் அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் தடயவியல் கணக்காளர் என்று பெயர். ஊர்ப் பேச்சில் ஃபாரன்சிக் ஆடிட்டர்.

வழக்கமான ஆடிட்டர், கணக்குப் புத்தகத்தில் இருப்பது சரியா என்று பார்ப்பார். தடயவியல் கணக்காளருக்குப் புத்தகத்தில் இல்லாததுதான் முக்கியம். வங்கி மோசடி, நிறுவனத் திருட்டு, காப்பீட்டு ஏமாற்று என்று பெரிய இடங்களில்தான் இவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். 1931-ல் சிகாகோவின் நிழலுலகத் தலைவர் அல் கபோனைச் சிறைக்கு அனுப்பியது துப்பாக்கிச் சூட்டு வழக்கு எதுவும் இல்லை. வருமான வரி வழக்கு. அவருடைய பெயரில் வங்கிக் கணக்கோ சொத்தோ ஏறக்குறைய எதுவுமே இல்லாதபோது, அவர் செய்த செலவையும் சூதாட்ட விடுதியின் பேரேடுகளையும் வைத்து வருமானத்தை நிறுவினார்கள். இந்த வேலைக்குத் தனிப்பெயர் வந்தது 1946-ல், மாரிஸ் பெலுபே என்ற அமெரிக்கக் கணக்காளர் எழுதிய ஒரு கட்டுரையில். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதற்கென்றே தனித் தரநெறிகளை வகுத்து, 2023 ஜூலை 1 முதல் அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குற்றம் செய்தவர் இன்னார் என்று தீர்ப்புச் சொல்வது தடயவியல் கணக்காளரின் வேலையில்லை என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. எண்களையும் அவற்றின் வழித்தடத்தையும் அவர் எடுத்து வைப்பார். முடிவு நீதிபதியுடையது.

ஆக ஆட்களும் இருக்கிறார்கள், முறையும் இருக்கிறது. ஆனால் இவர்கள் மிகவும் தேவைப்படும் இடங்களில் ஒன்றான நம் குடும்ப நல நீதிமன்றங்களில் இவர்களைக் காண்பது அரிது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திருப்பூர்க்காரரிடமே திரும்புவோம். மின் கட்டணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும், தொகையைச் சொல்லாது. தொகையைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல், ஹாலண்ட் வழக்கில், வரி ஏய்ப்பை நிரூபிக்க ஏற்றுக்கொண்ட நிகர மதிப்பு முறை அது. கேட்கத்தான் பெரிதாக இருக்கும். உண்மையில் நம் வீட்டுப் பெண்கள் மாதக் கடைசியில் மனத்துக்குள் போடும் கணக்குதான்: கையில் இவ்வளவு இருந்தது, இவ்வளவு செலவாயிற்று, இப்போது இவ்வளவு மிச்சமிருக்கிறது, அப்படியானால் நடுவில் எவ்வளவு வந்திருக்க வேண்டும்?

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவரிடம் 10 லட்ச ரூபாய்க்கு வாங்கிய மனையும் 20 லட்சத்துக்கு எந்திரங்களும் இருந்தன. கடன் 15 லட்சம். நிகர மதிப்பு 15 லட்சம். இன்று அதே மனையில் வீடு நிற்கிறது. மனையோடு சேர்த்து அடக்க விலை 60 லட்சம். எந்திரங்கள் 35 லட்சம், கார் 12 லட்சம், வைப்புத்தொகை 8 லட்சம். மொத்தம் 115 லட்சம். கடன் 40 லட்சம் போக நிகரம் 75 லட்சம். ஐந்து வருடத்தில் ஏறியது 60 லட்சம். இதில் எல்லாவற்றையும் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தை விலை ஏறியதைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். நிலத்தின் விலை ஏறியதால் கைக்குப் பணம் வந்துவிடாது.

இந்த 60 லட்சத்தோடு குடும்பம் சாப்பிட்டதையும் சேர்க்க வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 18 லட்சம். பள்ளிக் கட்டணம் 6 லட்சம். ஆக 84 லட்சம் வந்திருக்க வேண்டும். அவர் சொல்லும் 35,000 ரூபாய்ப்படி ஐந்து வருடத்துக்கு வந்தது 21 லட்சம். இடைவெளி 63 லட்சம். அப்பா நிலம் விற்று 8 லட்சம் கொடுத்தார் என்பதற்குப் பத்திரமும் வங்கி வரவும் இருந்தால் அதைக் கழித்துவிடலாம். மிச்சம் 55 லட்சத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 60 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 91,000 ரூபாய்க்கு மேல். 35,000 என்று எழுதியவரின் உண்மையான மாத வருமானம் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டுகிறது.

பேரேட்டின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் போட்ட கணக்கு இது. பத்திரம், கடன் தாள், பள்ளி ரசீது, வாகனப் பதிவுச் சான்று ஆகியவை போதும். எதிர்த்தரப்பு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் புத்தகம் எழுதியிருந்தாலும், நின்றுகொண்டிருக்கும் வீட்டை அதற்குள் மறைக்க முடியாது.

வருமானம் மறையும் வழிகளும் எண்ணிச் சொல்லக்கூடியவைதான். வேலைக்கு வராத ஆளுக்குச் சம்பளம் எழுதுவது, இறுதிச் சரக்கிருப்பைக் குறைத்துக் காட்டுவது, வரவேண்டிய பில்லைத் தீர்ப்பு வரும்வரை தள்ளிப்போடுவது, வீட்டுக் காரின் பெட்ரோலும் பிள்ளைகளின் கட்டணமும் தொழில் செலவாக ஏறுவது. இவற்றைவிட அதிகம் தென்படுவது திடீர்க் கடன். வழக்கு தாக்கலான சில மாதங்களில் மச்சானுக்கும் நண்பருக்கும் கைமாற்றுக் கடன் முளைக்கும். பிராமிசரி நோட்டும் இருக்கும். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்பதால், 5 லட்சம் ரொக்கம் என்று எழுதிய நோட்டை எதிர்த்தரப்பு கவனமாகவே தவிர்க்கும். காசோலையில் வந்ததாகக் காட்டும். அப்போது கடன் கொடுத்தவரின் வங்கிக் கணக்கைக் கேட்க வேண்டும். காசோலை பணமாவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கணக்கில் அதே தொகை ரொக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். கட்டியது யார், எந்தக் கிளையில் என்று பின்தொடர்ந்தால், சுற்றி வந்த பணம் புறப்பட்ட இடம் தெரிந்துவிடும்.

மாதச் சம்பளக்காரர்கள் விஷயம் சுலபம். படிவம் 16 இருக்கிறது. அங்கே நடப்பது வேறு: கூட்டுறவுச் சங்கக் கடன், கூடுதல் சேமநிதி, சீட்டு என்று சம்பளத்தில் பிடித்தங்களைக் கூட்டிக்கொண்டு, கைக்கு வருவது இவ்வளவுதான் என்று காட்டுவார்கள். கட்டாயப் பிடித்தங்களை மட்டுமே கழித்துக்கொள்வது நீதிமன்றங்களின் வழக்கம் என்பதால் இது பெரும்பாலும் நிற்பதில்லை.

நிற்பதும், நின்று பெண்களைக் காயப்படுத்துவதும் வேறொன்று.

தொழில் செய்யும் குடும்பங்களில், வீட்டிலிருக்கும் மனைவியின் பெயரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வழக்கம் இருக்கிறது. டெய்லரிங் வருமானம், டியூஷன் வருமானம், எம்பிராய்டரி வருமானம் என்று ஏதோ ஒன்று. கணவரின் வருமானத்தைப் பிரித்துக் காட்டவும், வீட்டுக்கடனுக்குத் தகுதி கூட்டவும், மனைவி பெயரில் வாங்கும் இடத்துக்குப் பணம் வந்த வழி காட்டவும் இது உதவுகிறது. குடும்ப ஆடிட்டர் காகிதத்தை அனுப்புவார், ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று சொல்வார்கள், அவரும் போடுவார். கடவுச்சொல் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும். தாக்கலான தொகை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. குடும்பத்துக்காகப் போட்ட கையெழுத்து அது.

பத்து வருடம் கழித்து அவர் ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும்போது, அதே காகிதம் எதிர்மனுவின் இணைப்பாக வந்து நிற்கிறது: ‘மனுதாரர் சொந்தமாகத் தொழில் செய்து ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சம்பாதிக்கிறார். அவரே கையெழுத்திட்ட வரிக் கணக்கு இது.’ அந்த நிமிடத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இல்லை என்று சொன்னால் வருமான வரித் துறைக்குப் பொய் சொன்னவர். ஆமாம் என்று சொன்னால் ஜீவனாம்சம் குறையும், ஒருவேளை கிடைக்காமலே போகும்.

இந்த முடிச்சை வெறும் வாதத்தால் அவிழ்க்க முடியாது, கணக்கால்தான் முடியும். தையல் வருமானம் என்றால் எந்திரம் எங்கே, நூலும் லைனிங் துணியும் எங்கே வாங்கப்பட்டன, வாடிக்கையாளர் ஒருவராவது ஜிபே-யில் பணம் அனுப்பியிருக்கிறாரா? அவருடைய வங்கிக் கணக்கில் விழுந்த ரொக்கம், தொழிற்கூடத்துக்குப் பக்கத்துக் கிளையில் கட்டப்பட்டதா, வீட்டுக்குப் பக்கத்துக் கிளையிலா? விழுந்த பணம் எத்தனை நாளில் கணவரின் நிறுவனத்துக்கே ‘ஈடில்லாக் கடன்’ என்ற பெயரில் திரும்பிப் போனது? அந்தக் கணக்கோடு இணைந்திருப்பது யாருடைய கைபேசி எண்? ஏ.டி.எம். அட்டையில் எடுத்த பணம் எந்த ஊர்களில் எடுக்கப்பட்டது? இந்த ஐந்தாறு கேள்விகளின் விடையை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி வைத்தால், அந்த வருமானம் யாருடையது என்பது விளங்கிவிடும். ஆனாலும் கையெழுத்து அவருடையதுதான். வரிச் சட்டத்தின் விளைவு அவர் மேலும் வரக்கூடும். ஆகவே வழக்கறிஞரிடம் இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு சொல்லி வழக்கறிஞர் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

நகைக் கணக்கும் இப்படித்தான். சீதன நகை மனைவியின் தனிச்சொத்து, கணவர் வீட்டார் கையில் இருந்தாலும் அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே, பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் தெளிவாக இருக்கிறது. எத்தனை பவுன், எங்கே போயிற்று என்பதுதான் வழக்காகிறது. கல்யாண ஆல்பமும் வீடியோவும் இங்கே கணக்கு ஆவணமாகின்றன. கழுத்தில் கிடந்த ஒவ்வொரு நகையையும் படத்திலிருந்து பட்டியல் போட்டு, நகைக்கடை ரசீதோடு ஒப்பிட்டு, வங்கிப் பெட்டகத்தை யார் எந்தத் தேதியில் திறந்தார் என்ற பதிவேட்டையும் அடகு ரசீதுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டகம் திறந்த நாளுக்கு அடுத்த நாள் ஒரு நகைக்கடன் தொடங்கியிருந்தால், அதற்குமேல் வாதம் அதிகம் தேவைப்படாது.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் மணமுறிவின்போது கணவன் மனைவி சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் பொதுச் சட்டம் இல்லை. போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டம் தொடரும் கோவா இதற்கு விலக்கு. மற்ற இடங்களில் சொத்து யார் பெயரிலோ அவருடையது; மனைவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜீவனாம்சம். அந்த ஜீவனாம்சமோ கணவரின் வருமானத்தைப் பொறுத்தது. ஆகவே வருமானத்தைக் குறைத்துக் காட்ட இங்கே இருக்கும் தூண்டுதல் சாதாரணமானதில்லை.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தீர்ப்பளித்தது. நாக்பூர் குடும்ப நீதிமன்றம் 2015-ல் மனைவிக்கு மாதம் 15,000 ரூபாயும் குழந்தைக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாயும் இடைக்கால ஜீவனாம்சமாக விதித்திருந்தது. அந்தத் தொகைக்கான சண்டை டெல்லிவரை போய், மனு போட்டதிலிருந்து ஏழு வருடத்தைத் தின்றது. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் அதோடு நாட்டுக்கே பொதுவான ஒரு முறையை வகுத்தார்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் நீதிமன்றம் தந்த படிவத்தில் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில் தனியுரிமையா, கூட்டாண்மையா, கம்பெனியா, பங்கு எவ்வளவு என்று அந்தப் படிவம் கேட்கிறது. மனைவி தேவையைக் கூட்டிச் சொல்வதும் கணவர் வருமானத்தை மறைப்பதும் வழக்கமாகிவிட்டதைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. பொய்யாக எழுதினால் பொய்ச்சாட்சிக்கான நடவடிக்கை வரும் என்றும் எச்சரிக்கிறது. மூன்று வருடம் கழித்து, 2023 நவம்பரில், இந்தப் படிவ முறை பல நீதிமன்றங்களில் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை என்று உச்ச நீதிமன்றமே மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

நல்ல தீர்ப்பு. பெண்களுக்குப் பெரிய உதவி. ஆனால் படிவம் கேட்கிறது, பதில் வருகிறது. அந்தப் பதிலைச் சரிபார்ப்பது யார்? எதிர்த்தரப்பு பொய் சொல்கிறது என்று காட்டும் பொறுப்பு, கணக்கே காட்டப்படாமல் குடும்பம் நடத்திய பெண்ணின் தலையில் வந்து விழுகிறது.

அவர் தேடக்கூடிய வழிகளும் குறுகலானவை. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் சர்வே எண்ணோ பத்திர எண்ணோ தெரிய வேண்டும். ஆள் பெயரைப் போட்டு அவருக்கு எங்கெங்கே இடம் இருக்கிறது என்று தேட முடியாது. அதனால்தான் ஒரு பழைய வீட்டுவரி ரசீது, ஒரு மின் இணைப்பு எண், அலமாரியில் கிடக்கும் ஒரு கிரயப் பத்திர நகல் இவ்வளவு மதிப்பு பெறுகின்றன. கம்பெனி என்றால் ஆண்டுக் கணக்கை மத்திய அரசின் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். தனியுரிமைத் தொழிலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கணவரின் சம்பளத்தையும் வருமானத்தையும் கேட்டுப் பல பெண்கள் போராடியிருக்கிறார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம், வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்றது. 2018-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், மனைவி என்ற முறையில் கணவரின் சம்பளத்தை அறிய உரிமை உண்டு என்றது. 2020-ல் மத்தியத் தகவல் ஆணையம், ஜோத்பூர்ப் பெண் ஒருவர் கேட்டபோது மொத்த வருமானத்தை மட்டுமாவது சொல்ல உத்தரவிட்டது. இப்போது 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவலுக்கான விலக்கை விரிவாக்கிவிட்டது. இனி அந்தப் பக்கம் கிடைப்பது குறையும். நீதிமன்றத்தின் வழியாகக் கேட்பதுதான் உறுதியான வழி.

நீதிமன்றம் கேட்டால் கிடைப்பது ஏராளம். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை ஒன்றே போதும். ஒரு வருடத்தில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சமோ மேலோ ரொக்கம் கட்டினால், 30 லட்சம் ரூபாய்க்கோ மேலோ சொத்து வாங்கினால், கடன் அட்டைக்கு 10 லட்சம் கட்டினால், அது துறைக்குத் தானாகவே போய்ச் சேர்கிறது. பங்கு, மியூச்சுவல் ஃபண்டு, வட்டி, வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் எல்லாம் அதில் தெரியும். இன்னொரு சுரங்கம், கடன் விண்ணப்பம். நீதிமன்றத்தில் 35,000 என்றவர், வீட்டுக்கடன் கேட்டபோது வங்கியிடம் என்ன எழுதிக் கொடுத்தார்? வெளிநாட்டு விசாவுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் என்ன எழுதினார்? கடன் வேண்டும்போது மனிதர்கள் தங்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை.

மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது? இங்கிலாந்தில் சொத்தையே நீதிமன்றம் பங்கிடுகிறது. ஃபார்ம் ஈ என்ற நீண்ட படிவத்தோடு பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கையும் இணைக்க வேண்டும். அங்கேயும் மறைக்கிறவர்கள் மறைக்கத்தான் செய்கிறார்கள். ஸ்காட் யங் என்ற லண்டன் தொழிலதிபர், தான் கடனில் மூழ்கிவிட்டதாகச் சொல்லி வருடக்கணக்காக விவரம் தர மறுத்தார். 2013 ஜனவரியில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை. அதே நவம்பரில் நீதிபதி மூர், கடன் போக 4 கோடி பவுண்டு அவரிடம் இருப்பதாகக் கண்டு, பாதியை மனைவிக்குக் கொடுக்கச் சொன்னார். அதற்குள் அறுபத்தைந்து விசாரணைகள் நடந்து, மனைவியின் வழக்குச் செலவு 60 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது.

அதே 2013-ல் பிரெஸ்ட் வழக்கில், எண்ணெய் வணிகர் ஒருவர் கம்பெனிகளின் பெயரில் வைத்திருந்த ஏழு சொத்துகள் உண்மையில் அவருக்காகவே வைக்கப்பட்டவை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த வீடுகளை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கணவரும் கம்பெனிகளும் ஒழுங்கான பதிலோ ஆவணமோ தரவில்லை. அந்த மௌனத்தையே அவர்களுக்குப் பாதகமாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இது நமக்கும் புதிதில்லை. கைவசமுள்ள ஆவணத்தைக் காட்ட மறுப்பவருக்கு அது பாதகமானதாக இருக்கும் என்று கொள்ள நம் சாட்சியச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குறிப்பிட்ட ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு, தராததைப் பதிவு செய்ய வைத்தால்தான் இந்தப் பிரிவுகள் உயிர்பெறும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அந்தப் பட்டியலை எழுத முடியும்.

மறைப்பது ஆண்கள் மட்டுமே என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. கலிபோர்னியாவில் 1996-ல் ஒரு பெண்ணுக்கு லாட்டரியில் 13 லட்சம் டாலர் பங்கு விழுந்தது. அதைச் சொல்லாமல், பதினோரு நாளில் மணமுறிவுக்கு மனுப் போட்டுவிட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, லாட்டரித் தவணைகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஒரு நிறுவனத்தின் விளம்பரக் கடிதம் தவறிப்போய் முன்னாள் கணவரின் முகவரிக்கு வந்தது. 1999-ல் நீதிமன்றம் முழுத் தொகையையும் கணவருக்கே கொடுத்துவிட்டது. சம்பாத்தியத்தை மறைக்கும் மனைவியின் கணக்கையும் இதே கணக்காளர் இதே கண்ணோடுதான் பார்ப்பார், பார்க்க வேண்டும்.

இவர்களுக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தின் ஷார்லண்ட் வழக்கில் இரு தரப்பும் கணக்கியல் நிபுணர்களை வைத்து கணவரின் மென்பொருள் நிறுவனத்தை மதிப்பிட்டன. பங்குச் சந்தைக்குப் போகும் திட்டம் இல்லை என்று கணவர் சொன்னதை நம்பிய மதிப்பீடு அது. ஆனால் அதற்கான ஏற்பாடுகள் அப்போதே நடந்துகொண்டிருந்தன. 2015 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தச் சமரசத்தை மறுபடி திறக்க அனுமதித்தது. நடந்த பணப்போக்குவரத்தைக் கணக்காளர் கண்டுபிடிப்பார். ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் திட்டத்தை அவரால் கண்டுபிடிக்க முடியாது. முழுக்க ரொக்கத்தில் ஓடி, வீடாகவோ நிலமாகவோ மாறாமல் கரைந்துபோன பணமும் அவர் கைக்குச் சிக்காது.

இங்கிலாந்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பெரும் பணக்காரர்களின் வழக்குகளில் வரும் நிபுணர் படையைக் காட்டிலும் வேறொன்று. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணரை நியமிக்க அங்கே குடும்ப வழக்கு விதிகளில் இடமிருக்கிறது. அவர் யாருடைய ஆளும் இல்லை, நீதிமன்றத்துக்குக் கடமைப்பட்டவர். செலவும் பங்காகிறது. இங்கே அதற்குப் புதுச் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-வது கட்டளை, 11-வது விதி, கணக்குகளைப் பரிசோதிக்க ஆணையரை நியமிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1984-ம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் அந்த நடைமுறைச் சட்டத்தை இந்த நீதிமன்றங்களுக்கும் பொருத்துகிறது. அதன் 12-வது பிரிவு மருத்துவ நிபுணரையும் குடும்ப நலப் பணியாளரையும் குறிப்பிட்டு உதவிக்கு அழைக்கச் சொல்கிறது. நீதிமன்றம் தகுதியானவர் என்று கருதும் வேறொருவரை அழைக்கவும் அதில் இடமிருக்கிறது. கணக்காளரை யாரும் அங்கே நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த 11-வது விதி கூட்டாண்மை நிறுவனங்களின் சண்டைக்கு மட்டும் எழுதப்பட்டதைப்போல அலமாரியில் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எல்லா வழக்குக்கும் வேண்டாம். தொழில் செய்பவரின் பிரமாணப் பத்திரமும் வாழ்க்கைத் தரமும் கண்ணுக்குத் தெரிய முரண்படும் வழக்குகளில், மூன்று வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்தில் விடை கிடைக்கும்.

ஆடிட்டர் கட்டணத்தை யார் கொடுப்பது? இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு, வழக்கு நடத்தும் செலவையும் சேர்த்தே கேட்க உரிமை தருகிறது. வழக்கறிஞர் கட்டணம் மட்டும்தான் அந்தச் செலவு என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மனைவிக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் கணக்கு நிபுணரின் கட்டணத்தையும் தனியாகக் குறிப்பிட்டு அந்த மனுவில் கேட்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2023 ஜூன் தீர்ப்பு ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அது மணமுறிவு வழக்கு இல்லை. கணவர் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் யாருக்கு என்ற வழக்கு. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை வாங்கியதில் மறைமுகப் பங்குதான் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி எழுதினார். அந்தப் பங்கைக் கேட்க வேண்டுமென்றால் சொத்து எதுவென்று முதலில் தெரிய வேண்டும்.

அதற்கான முதல் காகிதம் பெரும்பாலான பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. வருமான வரித் தளத்தில் தங்கள் பான் எண்ணைப் போட்டு உள்ளே போனால், இத்தனை வருடம் தங்கள் பெயரில் என்ன தாக்கலாகியிருக்கிறது, தங்கள் பெயரில் யார் என்ன வாங்கி விற்றார்கள் என்பதெல்லாம் தெரியும். கடவுச்சொல் ஆடிட்டரிடம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருந்தால், அதற்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துப் புதுக் கடவுச்சொல் போட்டுக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது, தொடர்புக்கென்று கொடுக்கப்பட்டிருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்பதை.